மூட்டைக்கு ஒரு முகவரி

கைத்தறிச் சங்கத்தின் விற்பனை நிலையத்தில் வாங்கிய சேலை ஒன்று, முதற் சலவையிலேயே சாயம் போயிற்று என்று திரும்பி வருவதாக வைத்துக் கொள்வோம். காரியதரிசி முதலில் செய்வது யாது? சேலையில் கட்டியிருந்த சீட்டின் எண்ணைப் பார்க்கிறார். அதைக் கொண்டு நெய்த தறியையும், தறியைக் கொண்டு பாவு கொடுத்த தேதியையும், தேதியைக் கொண்டு நூல் எந்தச் சாயத் தொட்டியில் தோய்ந்தது என்பதையும் அரை மணி நேரத்தில் அறிந்து விடுகிறார். அத்தொட்டியின் நூல் வேறு எந்தெந்தத் தறிகளுக்குப் போயிற்று என்பதும் அப்போதே தெரிந்து விடும். பத்துச் சேலைகள் நிறுத்தி வைக்கப்படும். எஞ்சிய ஐந்நூறு சேலைகளின் பெயர் கெடாது.

ஒழுங்காக நடைபெறும் நெசவாளர் சங்கங்களில் இது புதுமையன்று. நூல் கட்டின் மேல் மில்லின் பெயரும் நூலின் நம்பரும் இல்லாவிடில் அதை வாங்கவே நம் நெசவாளர் இசையார். ஆனால், உடுத்தும் பொருளுக்கு நாம் காட்டும் இவ்வெச்சரிக்கையை உண்ணும் பொருளுக்குக் காட்டுகின்றோமா? சாயம் போன சேலையால் நேர்வது மனவருத்தமும் பண நஷ்டமும். கெட்டுப்போன உணவால் நேர்வது அவ்வளவோடு நிற்பதில்லை. ஆதலின், உணவுப் பொருளின் தரத்துக்கு உறுதி கூறுவதும், அது வந்த வழியைப் பின்னோக்கிச் சென்று கண்டறிவதும் பற்றி அங்கத்தினர்கள் அறிய வேண்டுவன சிலவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நாம் ஒப்பமிட்ட பதிவேடு

சில ஆண்டுகளுக்கு முன், நிலக்கடலை விளையும் பகுதியிலுள்ள விவசாயிகள் சங்கம் ஒன்றைப் பார்வையிடும் பொறுப்பு நமக்கு இருந்தது. அச்சங்கம் அங்கத்தினரின் காய்களை வாங்கி, உடைத்துப் பருப்பாக்கி, வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி வந்தது. விலையும் நன்றாகவே கிடைத்தது. ஒரு பருவத்தில் அனுப்பிய சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. பரிசோதனைச் சாலையில் எடுத்த மாதிரியில், பூஞ்சை நச்சு அனுமதித்த அளவுக்கு மேல் இருந்ததாக அறிக்கை கூறியது.

குற்றம் யாருடைய காயில்? நாற்பத்து மூன்று அங்கத்தினர் கொண்டுவந்த காய்கள் ஒரே குவியலாகக் கொட்டப்பட்டு, ஒரே இயந்திரத்தில் உடைபட்டிருந்தன. இருப்புப் பதிவேட்டில் ‘யாரிடமிருந்து வரவு’ என்னும் பத்தியில் ‘பல அங்கத்தினர்கள்’ என்று எழுதியிருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் அதே பக்கத்தின் அடியில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி ஒப்பமிட்டவர் நாமே. எடை சரியாக இருந்தது; தொகை சரியாக இருந்தது; கூட்டலில் பிழையில்லை. அதற்கு மேல் பார்க்க நமக்குத் தோன்றவில்லை.

நஷ்டத்தை மூட்டைக் கணக்கில் எல்லோர் மீதும் பங்கிடுவது என்று பொதுக்குழுவில் தீர்மானம் வந்தது. அப்போது வயது முதிர்ந்த பெண் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, “ஐயா, நான் போட்டது பன்னிரண்டு மூட்டை. ஐந்து நாள் களத்தில் பரப்பி, அந்தியில் அள்ளி மூடி, குலுக்கினால் கலகலவென்று ஒலிக்கும் வரை காய வைத்தேன். என் காய் நல்ல காய் என்று நான் சொல்கிறேன். இல்லை என்று சொல்ல உங்கள் நோட்டில் ஏதாவது எழுதியிருக்கிறதா?” என்று கேட்டார்.

ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் காய் நல்லது என்று சொல்லவும் அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மற்றவர்களைப் போலவே அவரும் தம் பங்குக்கான நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு சென்றார். அவர் கேட்ட கேள்விக்கு விடை தேடி நாம் படித்தும் விசாரித்தும் அறிந்தவையே கீழே வருவன.

கண்ணுக்குத் தெரியாத கேடு

1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. எப்பண்ணைகளில் கோழிகள் மாண்டன, அவை உண்ட தீவனம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து சென்றபோது, பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கே காரணமென்று தெரியவந்தது. பிண்ணாக்கில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சையின் பெயரைக் கொண்டு, அது உண்டாக்கிய நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். தீவனம் வந்த வழியை அறிய இயன்றிராவிடில், அந்நஞ்சு இன்னும் எத்தனை காலம் மறைந்திருந்திருக்குமோ! நம் நாட்டிலும் 1974 ஆம் ஆண்டில், குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் மலைவாழ் மக்கள் பகுதிகளில், பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டு ஈரல் கெட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இந்நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை. வறுத்தாலும் அவித்தாலும் முற்றிலும் நீங்குவதில்லை. சிறு சிறு அளவில் நெடுநாள் உட்கொண்டால் ஈரலில் புற்றுநோய்க்கு வழிகோலும். மேலும், ஒரு குவியலில் இது சமமாகப் பரவியிருப்பதில்லை. சில பருப்புகளில் மிகுதியாகவும், பெரும்பாலானவற்றில் சிறிதும் இல்லாமலும் இருக்கும். ஆகவே, ஈரக் காய் நிறைந்த மூட்டை ஒன்று, நன்கு உலர்ந்த நூறு மூட்டைகளோடு கலந்தால், குவியல் முழுவதும் ஐயத்துக்கு உள்ளாகிறது.

விளைந்து முற்றும் தறுவாயில் வறட்சி, பறிக்கையில் காயில் படும் வெட்டு, உலராமல் குவித்து வைத்தல், உடைப்பதற்கு முன் தோடு இளகும் பொருட்டுக் காய்களை நனைக்கும் வழக்கம் ஆகியவை பூஞ்சைக்கு இடமளிப்பன. இவற்றுள் பெரும்பாலானவை நம் களத்திலேயே தடுக்கத் தக்கவை. எந்தக் களத்தில் தடுக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே தடுக்க இயலும்?

திராட்சை தந்த பாடம்

இத்துறையில் நம் நாட்டு விவசாயிகள் பெற்ற அனுபவங்களுள் முதன்மையானது மகாராஷ்டிரத்துத் திராட்சை விவசாயிகளுடையது. நாசிக், சாங்லி, சோலாப்பூர், புனே பகுதிகளில் திராட்சை பயிரிடுவோரின் கூட்டுறவுச் சங்கங்கள் பல ஒன்றுகூடி, 1991 ஆம் ஆண்டில் ‘மகாகிரேப்ஸ்’ என்னும் ஸ்தாபனத்தை அமைத்தன. சில ஏக்கர் மட்டுமே உடைய விவசாயி தனித்து நின்று ஐரோப்பியச் சந்தையை எட்ட இயலாது என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

2003 ஆம் ஆண்டில், ஐரோப்பாவுக்குச் சென்ற இந்தியத் திராட்சையில் பூச்சிமருந்தின் எச்சம் வரம்புக்கு மேல் இருப்பதாகக் கண்டு, அந்நாடுகள் எச்சரிக்கை விடுத்தன. தவறியவை சில தோட்டங்களே எனினும், தலைகுனிய நேர்ந்தது நாட்டின் திராட்சை முழுமைக்கும். பெட்டியைப் பார்த்து ‘இது இன்னார் தோட்டத்துக் கனி’ என்று சொல்லும் வழி அப்போது இல்லை. அதன் பின், வேளாண் மற்றும் பதப்படுத்திய உணவுப் பொருள்கள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமாகிய அபெடா, எச்சத்தைக் கண்காணிக்கும் திட்டம் ஒன்றை வகுத்தது. புனேயிலுள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் அதற்கு மேற்பார்வைப் பரிசோதனைச் சாலையாயிற்று. 2006 ஆம் ஆண்டில் ‘கிரேப்நெட்’ என்னும் கணினிவழிப் பதிவு முறை தொடங்கிற்று.

இம்முறை இயங்கும் விதத்தை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகின்றோம். ஐரோப்பாவுக்கு அனுப்ப விரும்பும் விவசாயி, தம் தோட்டத்தை மாநில அரசின் இலாகாவில் பதிவு செய்கிறார். தோட்டத்துக்கு ஓர் எண் கிடைக்கிறது. எந்த மருந்தை எந்த நாளில் எவ்வளவு தெளித்தார் என்பதை அவர் குறித்து வரவேண்டும். அறுவடைக்கு முன், அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சாலையின் ஆளே தோட்டத்துக்கு வந்து கனி மாதிரியை எடுக்கிறார்; விவசாயி தாமே பொறுக்கித் தருவதற்கு இடமில்லை. முடிவு கணினியில் ஏறுகிறது. எச்சம் வரம்பை மீறியிருந்தால் அத்தோட்ட எண்ணுக்கு எச்சரிக்கை விழுந்து, அதன் கனி ஐரோப்பாவுக்குச் செல்லாமல் தடுக்கப்படும். தேறிய தோட்டத்தின் கனி மட்டுமே அங்கீகாரம் பெற்ற சிப்பக் கூடத்துக்குச் செல்லலாம். பின்னர் அக்மார்க் சான்றும், பயிர் நோயின்மைச் சான்றும் வழங்கப்படுகின்றன. முன்னைய படி நிறைவேறாமல் அடுத்த படி திறவாது என்பதே இவ்வேற்பாட்டின் உயிர்நாடி. பெட்டியின் மேலுள்ள குறியீட்டைக் கொண்டு, கடல் கடந்த ஊரிலிருந்தும் தோட்டம் வரை பின்னோக்கி வரலாம்.

இவ்வளவு செய்தும் 2010 ஆம் ஆண்டில் ஓர் இடி விழுந்தது. கொடியின் மிகு வளர்ச்சியைக் கட்டுப்படுத்திக் காய்ப்பைப் பெருக்கும் பொருட்டு, கவாத்துக்குப் பின் குளோர்மெக்வாட் என்னும் மருந்தைத் தெளிப்பது விவசாயிகளின் வழக்கம். அதன் எச்சம் கனியில் இருப்பதாக ஐரோப்பியப் பரிசோதனைச் சாலைகள் கண்டுபிடித்தன. அங்கே அனுமதித்த வரம்பு, கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், அதாவது இருபதாயிரம் கிலோ திராட்சையில் ஒரு கிராம். நம் பரிசோதனைச் சாலைகளின் பட்டியலில் அம்மருந்தின் பெயரே அப்போது இல்லை. பதிவேடுகள் ஒழுங்காக இருந்தன. சான்றுகள் முறைப்படி இருந்தன. தேடாத பொருள் கிடைக்கவில்லை. சரக்குகள் நிராகரிக்கப்பட்டு விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களும் பெருநஷ்டம் அடைந்தனர். அதன் பின்னரே அப்பெயர் பட்டியலில் ஏறிற்று.

இதிலிருந்து நாம் அறிவது யாதெனில், குறியீட்டுச் சீட்டு ஒரு கனியை நல்ல கனியாக்கி விடாது. பரிசோதனையின் பட்டியலையும், தெளிக்கும் மருந்தின் பட்டியலையும் ஆண்டுதோறும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் ஒருவர் இருத்தல் வேண்டும். வயலில் உண்மையில் எதைத் தெளிக்கின்றனர் என்பதை அறிந்தவர் அங்கத்தினரே. ஆகையால், அங்கத்தினர் வாய் திறந்து உரைத்தாலன்றி எந்தப் பட்டியலும் முழுமை பெறாது.

பால் விடுத்த இரு எச்சரிக்கைகள்

2008 ஆம் ஆண்டில் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமைன் என்னும் இரசாயனம் கலந்திருந்தது. சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் உயிரிழந்தன. பாலில் தண்ணீர் சேர்த்தபின், புரதச் சோதனையில் குறைவு தெரியாதிருக்கும் பொருட்டு அதைக் கலந்தனர். பெரும் பழிக்குள்ளான சான்லு என்னும் நிறுவனத்தில், நியூசிலாந்து விவசாயிகளின் கூட்டுறவு ஸ்தாபனமாகிய ஃபோன்டெரா 43 சதவிகிதப் பங்கு வைத்திருந்தது. உழைத்துச் சேர்த்த பங்குத்தொகையை விவசாயிகள் இழந்தனர். பால் வந்தது அவர்களுடைய பண்ணைகளிலிருந்தன்று. இடைத்தரகர் நடத்திய சேகரிப்பு நிலையங்களின் வழியே வந்தது. அவ்விடைவழியைக் காவல் செய்வார் இல்லை.

அதே ஸ்தாபனம் 2013 ஆம் ஆண்டில் வேறொரு சோதனைக்கு உள்ளாயிற்று. தன் 38 டன் புரதத் தூளில் கொடிய கிருமி இருக்கலாம் என்று ஐயுற்று அறிவித்தது. சீனா உள்ளிட்ட நாடுகள் சில பொருள்களின் இறக்குமதியை நிறுத்தின. பின்னர் ஆராய்ந்ததில், அது நஞ்சுண்டாக்காத வேறு கிருமி என்று தெரிந்தது. ஆயினும், அத்தூள் எந்தெந்தப் பொருளில் கலந்து எங்கெங்கே சென்றது என்று உடனே திட்டமாகக் கூற இயலாமையால் கலக்கம் நீடித்தது. முன்னைய நிகழ்ச்சி, பின்னோக்கிப் பார்க்காததால் வந்த கேடு. பிந்தையது, முன்னோக்கிப் பார்க்கத் தாமதித்ததால் வந்த கேடு. ஐயத்துக்குரிய சரக்கு எங்கே நிற்கிறது என்று விரைந்து தெரியுமானால், அதை மட்டும் நிறுத்தி, மற்றதைத் தடையின்றி மக்களுக்கு வழங்கலாம். தெரியாவிடில் எல்லாவற்றையும் நிறுத்த நேரும். உணவின் தூய்மையைக் காக்கும் பதிவேடே உணவு வழங்கலையும் காக்கிறது என்று நாம் கூறுவது இதனாற்றான்.

சட்டம் நிற்கும் எல்லை

தரம் பிரித்துக் குறியிடும் வழக்கம் நம் நாட்டில் 1937 ஆம் ஆண்டு அக்மார்க் சட்டத்தோடு வேரூன்றியது. 1954 ஆம் ஆண்டில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. அதனிடத்தில் இன்று நடைமுறையில் இருப்பது 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். தீங்கான பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும் கடமையை இது வியாபாரி மீது சுமத்துகிறது. ஐரோப்பிய நாடுகளிலோ, பொருளை யாரிடமிருந்து பெற்றோம், யாருக்குக் கொடுத்தோம் என்று ஒருபடி பின்னும் ஒருபடி முன்னும் சொல்ல வேண்டியது 2005 ஆம் ஆண்டிலிருந்து உணவு வியாபாரிகள் அனைவருக்கும் கட்டாயம்.

நமது சட்டம் விவசாயியையும் மீனவரையும் விவசாயத் தொழிலையும் தன் பிடிக்குள் கொண்டுவரவில்லை. இது நியாயமே. ஆனால், காய் சங்கத்துக்குள் வந்து, பருப்பாகவோ எண்ணெயாகவோ மாறி வெளியேறுகையில், பொறுப்பு முழுவதும் சங்கத்தின் தலையில் ஏறுகிறது. வயலுக்குள் சட்டம் நுழையாததால், அவ்விடத்துக் கண்காணிப்பு அங்கத்தினர் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடாகவே இருக்க இயலும். இயற்கை வேளாண்மையில் விவசாயிகள் குழுவாகச் சான்று பெறும் முறையும் இவ்வடிப்படையில் அமைந்ததே. குழுவினர் ஒருவர் வயலை ஒருவர் பார்வையிட்டுக் குறிப்பு எழுதுகின்றனர்.

அங்கத்தினரின் ஆட்சேபங்கள்

இதைப் பற்றிப் பேசும் போதெல்லாம் மூன்று ஆட்சேபங்களைக் கேட்கின்றோம். முதலாவது, சிறு விவசாயிக்கு எழுத்து வேலை பாரம் என்பது. உண்மையே. எட்டு மூட்டை கொண்டுவருபவரை எட்டுப் படிவம் நிரப்பச் சொல்வது தகாது. எழுதும் பொறுப்பைச் சங்கம் ஏற்க வேண்டும். அங்கத்தினர் வாயால் சொன்னால் போதும்.

இரண்டாவது, செலவு யாருடையது என்பது. தரச் சான்று கேட்பவர் பெரிய வியாபாரி. செலவு செய்பவர் சிறிய விவசாயி. கூடுதல் விலையோ பல சமயம் கிடைப்பதில்லை. இக்குறையை நாம் மறுக்கவில்லை. தனி ஒருவராக இதற்கு விலை பேச இயலாது. நாற்பது பேரின் சரக்கை எண்ணிட்டுப் பிரித்து வைத்திருக்கும் சங்கம் பேச இயலும். பேரத்தின் முதற் பேச்சே பரிசோதனைச் செலவு யாரைச் சார்ந்தது என்பதாக இருக்கட்டும்.

மூன்றாவது, நோட்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாமே என்பது. எழுதலாம். ஆகவேதான் நோட்டோடு மாதிரியும் வேண்டும். பொய் எழுதிய வரியை, உறையிலிட்டு வைத்த ஒரு கைப்பிடிப் பருப்பு காட்டிக் கொடுத்து விடும்.

சங்கங்கள் செய்யத் தக்கவை

கணினியும் கைப்பேசியும் உள்ள சங்கங்கள் அவற்றைப் பயன்படுத்திக் கொள்ளலாம். இல்லாதவை ஒரு சாக்குக்கட்டியும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு தொடங்கலாம்.

1. ஒவ்வோர் அங்கத்தினரின் எண்ணும் அவர் மூட்டையின் வெளியே எழுதப்பட வேண்டும். அதே எண்ணுள்ள சீட்டு மூட்டைக்குள்ளும் இருக்க வேண்டும். வெளியெழுத்து அழிந்தாலும் உள்சீட்டு பேசும்.

2. வரவுப் பதிவேட்டில் அங்கத்தினருக்கு ஒரு வரி. தேதி, வயல், மூட்டை எண்ணிக்கை, ஈரப்பத அளவு ஆகியன அவ்வரியில் இடம்பெறுக. ‘பல அங்கத்தினர்கள்’ என்னும் சொற்கள் அந்நோட்டில் எவ்விடத்தும் வரலாகாது.

3. ஈரம் பார்ப்பதற்கு முன் எந்த மூட்டையையும் குவியலில் கொட்டலாகாது. கலந்தே தீரவேண்டுமாயின், சிறு சிறு தொகுதியாகக் கலந்து, அத்தொகுதியில் யார் யார் மூட்டை உள்ளது என்று குறித்து வைக்க வேண்டும்.

4. ஒவ்வொருவர் சரக்கிலும் சிறிது மாதிரி எடுத்து, அவர் கண்ணெதிரே கட்டி, அவர் கையொப்பத்தோடு, அச்சரக்குக்குப் பணம் தீரும் வரை உலர்ந்த இடத்தில் காக்க வேண்டும்.

5. எந்தத் தொகுதி எந்த வண்டியில் யாருக்குப் போயிற்று என்று வெளிச்செல்லும் பதிவேட்டிலும் எழுத வேண்டும்.

6. ஆண்டுக்கு இருமுறை நிர்வாகக் குழுவினர் ஏதேனும் ஒரு மூட்டையைத் தொட்டு, இது யாருடையது, இதோடு வந்தவை எங்கே என்று கேட்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் விடை வராவிடில் பதிவேட்டில் பழுது உண்டென்று கொள்க.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இவை புதியன அல்ல. 2004 ஆம் ஆண்டில் பட்டுக்கும், 2006 ஆம் ஆண்டில் கைத்தறிக்கும் அடையாள முத்திரைகள் வந்தபோது, போலிச் சரக்கினின்று தம் உழைப்பைப் பிரித்துக் காட்ட அவை பயன்படுவதை அவர்கள் கண்டவர்கள். அவ்வனுபவத்தை விவசாயி அங்கத்தினர்களோடு அவர்கள் பகிர்ந்து கொள்வார்களாக.

பதினோரு மூட்டைகள்

நிற்க. முற்கூறிய சங்கத்தில் பின்னர் நடந்ததைச் சொல்லி முடிக்கின்றோம். அடுத்த பருவத்தில் மூட்டைகளுக்கு எண்ணிட்டனர். முதலில் சிலர் முகம் சுளித்தனர். “எங்களைத் திருடர் என்கிறீர்களா?” என்று கேட்டவரும் உண்டு. வரவின்போதே ஈரம் பார்த்ததில் பதினோரு மூட்டைகள் தனியே வைக்கப்பட்டன. பரிசோதனையிலும் அவை தேறவில்லை. மற்றவை அனைத்தும் விலையாயின.

அப்பதினொன்றும் இரண்டே அங்கத்தினருடையவை. நாம் நேரில் சென்று விசாரித்தோம். ஒருவர் மழைக்கு அஞ்சி அவசரமாக மூட்டை கட்டியவர். மற்றவருக்குச் சொந்தக் களமே இல்லை. வழியோர மண்ணில் காய்களைக் குவித்திருந்தார். பல ஆண்டுகளாகவே அவர் காய் அப்படித்தான் உலர்ந்து வந்திருக்கிறது. குவியலுக்குள் மறைந்திருந்தமையால் எவருக்கும் தெரியவில்லை. நிர்வாகக் குழு அவர்களுக்குத் தண்டம் விதிக்கவில்லை. சங்க நிதியிலிருந்து தார்ப்பாய்கள் வாங்கி, களமில்லாத அங்கத்தினருக்கு வாடகையின்றிக் கொடுப்பது என்று தீர்மானித்தது. மூட்டையின் எண் அவரைக் காட்டிக் கொடுத்தது என்று சொல்வதைவிட, அவருக்கு வேண்டியது யாது என்பதைச் சங்கத்துக்குத் தெரிவித்தது என்றே சொல்ல வேண்டும்.

முந்திய ஆண்டில் கேள்வி எழுப்பிய அம்மூதாட்டியின் பெயர், புதிய பதிவேட்டில் தனி வரியில் இருந்தது: மூட்டை பதினான்கு, ஈரம் சரி, மாதிரி வைக்கப்பட்டது. முந்திய ஆண்டில் அவர் இழந்த தொகை திரும்பவில்லை. அதைத் திரும்பத் தரும் வழி சங்கத்துக்கும் இல்லை, நமக்கும் இல்லை. அவரைப் போன்ற அங்கத்தினர் ஒவ்வொரு சங்கத்திலும் இருக்கின்றனர். அவர்கள் எழுந்து கேட்கும் வரை காத்திராமல், வரும் பொதுக்குழுவிலேயே இதனை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக் கொள்கின்றோம். பார்வையிட வரும் எம்மைப் போன்றோரும், இனி கூட்டலைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், மூட்டையின் முகவரியையும் கேட்டு ஒப்பமிடக் கடமைப்பட்டவர்கள்.